பழுதுபார்க்கத் தெரியாத கிருமி

சோனகத் தெருவிலுள்ள எங்கள் பழைய வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை இரண்டு வருடங்களுக்கு முன் ஆய்வுகூடத்துக்குக் கொடுத்தோம். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி பூட்டிவிட்டுப் போன வீடு அது. புத்தளத்திலிருந்து திரும்பிவந்து கூரை போட்டோம், சுவர் பூசினோம், கிணற்றை இரண்டு தரம் இறைத்துத் தூர்வாரினோம். ஊறிவந்த தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. சாச்சா ஒரு மிடறு குடித்துவிட்டு, "வாப்பாட காலத்துத் தண்ணிதான். ருசி மாறல்ல" என்றார். ஒரு கிழமை கழித்து அறிக்கை வந்தது. ஈ.கோலி உண்டு என்று எழுதியிருந்தது.

சாச்சா அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நிறமும் மாறல்ல, மணமும் இல்ல, ருசியும் நல்லம். பிறகென்ன கிருமி?" தண்ணீரின் நிறம், மணம், சுவை மூன்றையும் பார்ப்பது ஓதற பள்ளிக்கூடக் காலத்திலேயே நமக்குப் படிந்த பழக்கம். வுழூவின் சட்டத்தை ஆலிம்களிடம் விட்டுவிடுகிறேன். குடிப்பதைப் பற்றி மட்டும் ஒரு விஞ்ஞான ஆசிரியன் என்ற முறையில் சொல்லலாம்: 100 மில்லிலீற்றர் குடிநீரில் ஒரு ஈ.கோலிகூட அகப்படக்கூடாது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். அகப்பட்டால் எங்கிருந்தோ மலம் கலந்திருக்கிறது என்று பொருள்.

யாழ்ப்பாணத்தில் அது எங்கிருந்து என்று தேடி நெடுந்தூரம் போகத் தேவையில்லை. எங்கள் காலுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். மழைத்தண்ணீர் அதன் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் இறங்கி நிற்கிறது. நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பொந்துகள் எவ்வளவு பெரியவை என்று தெரியும். ஆறில்லாத குடாநாட்டுக்கு இந்தக் கல்லே நீர்த்தாங்கி. ஆனால் மணலைப் போல அது வடிகட்டாது. மாரி மழையில் நிலத்தடி நீர் மேலெழும்பும்போது மலசலகூடக் குழியும் கிணறும் ஒரே தண்ணீரில் கால் நனைக்கின்றன. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளுள்ள எங்கள் தெருவில், என் கிணற்றுக்கும் அடுத்த வளவுக் குழிக்கும் இடையில் எத்தனை அடி என்று அளக்கவே எனக்கு மனம் வரவில்லை.

சாச்சா அடுத்த கேள்வியைப் போட்டார். "இந்தக் கிருமியப் பத்தி நீ கம்பஸில படிச்சனீ எண்டு சொல்லுவாய். என்ன படிச்சனீ?" அன்று அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே முழுமையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

ஈ.கோலியை 1885இல் முதலில் விவரித்தவர் தியோடோர் எஷரிச் என்ற குழந்தை மருத்துவர். குழந்தைகளின் மலத்தில் கண்டார். இதன் வகைகளில் பெரும்பாலானவை நம் குடலில் சும்மா குடியிருப்பவை. சிலதான் வயிற்றோட்டத்தையும் சலக்கடுப்பையும் கொண்டுவரும். 1922இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஒரு நோயாளியின் மலத்திலிருந்து எடுத்து வளர்க்கப்பட்ட 'கே-12' என்ற சாதுவான வகை, பிற்பாடு உலக ஆய்வுகூடங்களின் செல்லப்பிள்ளையாகிவிட்டது. நல்ல உணவு கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒரு தரம் இரண்டாகப் பிரியும். அதன் டி.என்.ஏ. முழுவதும் ஏறத்தாழ 46 இலட்சம் எழுத்துகள். 1997இல் அதை முழுமையாக வாசித்து முடித்தார்கள்.

பற்றீரியாவுக்கு ஆண் பெண் இல்லை. தாய் இரண்டாகப் பிரிந்தால் பிள்ளைகள் இரண்டும் தாயின் அச்சு. இப்படித்தான் 1946 வரை பலரும் நினைத்தார்கள். அந்த வருடம் ஜோசுவா லெடர்பெர்க்கும் எட்வர்ட் டேற்றமும் வேறொன்றைக் காட்டினார்கள். வெவ்வேறு குறைபாடுள்ள இரண்டு ஈ.கோலி வகைகளை ஒன்றாகக் கலந்துவிட்டால், இரண்டு குறையும் இல்லாத பிள்ளைகள் கிடைக்கின்றன. ஒன்றின் டி.என்.ஏ. துண்டு மற்றதற்குள் போய், அதன் டி.என்.ஏ.யிலேயே தைக்கப்பட்டுவிடுகிறது. இதைத்தான் பாடப்புத்தகம் மீளச்சேர்க்கை என்கிறது.

துண்டு உள்ளே போவது ஒரு வேலை. சரியான இடத்தைத் தேடித் தைப்பது இன்னொரு வேலை. அந்தத் தையற்காரன் யார்?

இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு இதை விளக்க நல்ல உதாரணம் ஒன்று கையிலேயே இருக்கிறது. பழைய அறபுத்தமிழ்க் கிதாபு ஒன்றைப் பதிப்பிக்க எடுக்கிறீர்கள். நடுவில் இரண்டு வரியைப் பூச்சி தின்றுவிட்டது. என்ன செய்வீர்கள்? அதே கிதாபின் இன்னொரு பிரதியைத் தேடுவீர்கள். ஓட்டைக்கு முன்னாலும் பின்னாலும் உள்ள சொற்களை வைத்துக்கொண்டு மற்றப் பிரதியில் அதே இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து எழுதி நிரப்புவீர்கள். இரண்டாம் பிரதி கிடைக்காவிட்டால் ஊகித்துத்தான் நிரப்பவேண்டும். அப்படி நிரப்பியதுதான் பிறகு பாடபேதம் என்று ஆய்வாளர்களின் தலையை உடைக்கும். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஓட்டை, ஒப்புநோக்கல், ஊகம். பற்றீரியாவுக்குள் நடப்பதும் இதுதான்.

ஒரு தொழிலாளி என்ன வேலை செய்கிறான் என்று அறிய, அவன் வராத நாளில் எது நின்றுபோகிறது என்று பார்க்கவேண்டும். மரபியலாளரின் வழியும் அதுதான். 1965இல் கலிஃபோர்னியாவின் பேர்க்லியில் ஏ. ஜோன் கிளார்க்கும் ஆன் டீ மார்குலிஸும் மீளச்சேர்க்கை செய்ய முடியாத ஈ.கோலியைத் தேடிப் புறப்பட்டார்கள். சில சத்துகளைத் தானே செய்யத் தெரியாத ஒரு வகையை எடுத்து, அதன் பரம்பரையலகுகளைத் தாறுமாறாகக் கெடுக்கும் ஓர் இரசாயனத்தில் நனைத்தார்கள். தப்பிப் பிழைத்தவற்றைத் தனித்தனிக் குடியிருப்புகளாக வளர்த்தார்கள். பிறகு அந்தச் சத்தைச் செய்யத் தெரிந்த 'கொடுப்பவர்' வகையோடு ஒவ்வொன்றையும் சேரவிட்டார்கள். மீளச்சேர்க்கை நடந்தால், சத்தில்லாத தட்டிலும் பிள்ளைகள் முளைக்கும். நடக்காவிட்டால் அந்த இடம் வெறுமையாக இருக்கும். வெறுமையான இடத்தைத் தேடுவதே வேலை. ஏராளமான குடியிருப்புகளைப் பார்த்ததில் இரண்டு விகாரிகள் தேறின.

இங்கே ஓர் இக்கட்டு இருக்கிறது. பிள்ளை பிறக்கவில்லை என்றால், துண்டு உள்ளேயே போகவில்லையோ? தையற்காரனைக் குற்றம் சொல்லுமுன் கதவு திறந்திருந்ததா என்று பார்க்கவேண்டும். பற்றீரியாவில் பிளாஸ்மிட் என்று ஒரு சின்ன டி.என்.ஏ. வளையம் உண்டு, அது தனியாகவே வாழும், பெரிய டி.என்.ஏ.யில் தைக்கப்படத் தேவையில்லை. அந்த வளையத்தை அனுப்பிப் பார்த்தபோது, இந்த விகாரிகள் அதை ஒழுங்காக வாங்கிக்கொண்டன. ஆகவே கதவில் பிழையில்லை, தையலில்தான் பிழை. இந்தச் சின்னச் சோதனையை மறந்துவிடாதீர்கள். கடைசியில் அது நம் மருந்துக்கடைக்கே வந்து நிற்கப்போகிறது.

அந்த விகாரிகளுக்குக் கழியூதாக் கதிர் காட்டியபோது அவை கொத்துக்கொத்தாகச் செத்தன. சாதாரண ஈ.கோலி தும்மிவிட்டுப் போகும் அளவுக் கதிரை இவற்றால் தாங்க முடியவில்லை. கழியூதாக் கதிர் டி.என்.ஏ.யின் எழுத்துகளை ஒட்டவைத்துக் காயப்படுத்துவது. மீளச்சேர்க்கைக்கும் காயத்துக்கும் என்ன சம்பந்தம்? கிதாபை நினைத்தால் சம்பந்தம் விளங்கும். ஓட்டை விழுந்த இடத்தை மறு பிரதியைப் பார்த்து நிரப்புகிறவனும், வெளியிலிருந்து வந்த துண்டுக்கு உரிய இடம் பார்த்துத் தைக்கிறவனும் ஒரே ஆள். பிரிந்துகொண்டிருக்கும் பற்றீரியாவில் டி.என்.ஏ. இரண்டு பிரதியாக இருப்பதால் ஒப்புநோக்க ஆள் எப்போதும் பக்கத்திலேயே உண்டு. உயிரின் அன்றாடப் பழுதுபார்ப்புக்கு வைத்த வேலைக்காரன்தான் கலப்புக்கும் கைகொடுக்கிறான். என்னைக் கேட்டால், கலப்பு அவனுக்கு உபரி வேலை, பழுதுபார்ப்பே சொந்தத் தொழில்.

அந்தப் பரம்பரையலகுக்கு 'ரெக்-ஏ' என்று பெயர் வந்தது. மீளச்சேர்க்கைக்கான ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்றெழுத்துத்தான் 'ரெக்'. யேல் பல்கலைக்கழகத்தில் போல் ஹவார்ட்-ஃப்ளாண்டர்ஸின் குழுவும் 1966இல் வேறு வழியால் இதே மாதிரி விகாரிகளைப் பிடித்தது. காயத்தை வெட்டியெடுக்கும் இன்னொரு பரம்பரையலகையும் சேர்த்துக் கெடுத்தபோது, அந்த இரட்டை விகாரியைக் கொல்ல முழு டி.என்.ஏ.யிலும் ஓரிரண்டு காயமே போதுமாக இருந்தது. நாம் வெயிலில் நடக்கும் ஒவ்வொரு நாளும் எத்தனை காயம் விழுந்து எத்தனை ஆறுகிறது என்பதை இதைப் படித்த பிறகுதான் நான் யோசித்தேன்.

பிறகு 'ரெக்-பி', 'ரெக்-சி' என்று வேறு விகாரிகளும் வந்தன. இவற்றில் மீளச்சேர்க்கை அடியோடு நிற்பதில்லை. நூற்றில் ஒரு பங்களவு மிஞ்சுகிறது. அக்கால ஆய்வாளர்கள் இவற்றுக்கு வைத்த பட்டப்பெயர்கள் சுவையானவை. கதிர் பட்டதும் ரெக்-ஏ விகாரி தன் டி.என்.ஏ.யைத் தானே அரித்துத் தின்று தீர்க்கும்; அதை 'ரெக்லெஸ்' என்றார்கள். ஆங்கிலத்தில் அதற்கு 'கண்மண் தெரியாதது' என்றும் பொருள், 'ரெக் இல்லாதது' என்றும் காதில் விழும். ரெக்-பி விகாரி அப்படி அரிக்காது, அது 'நிதானக்காரன்'. அரிக்கும் கத்தரிக்கோல் ரெக்-பி, ரெக்-சி, ரெக்-டி ஆகிய மூன்று புரதங்கள் சேர்ந்த நொதியம்தான் என்று பின்னால் தெரிந்தது. முறிந்த நுனியிலிருந்து அரித்துக்கொண்டே போகும் அது, 'கை' எனப்படும் எட்டெழுத்து அடையாளம் ஒன்றைக் கண்டதும் அடங்கி, ஒற்றையிழையை நீட்டி ரெக்-ஏயின் கையில் கொடுக்கும். ரெக்-ஏ இல்லாவிட்டால் வாங்க ஆளில்லை. கத்தரிக்கோல் அரித்துக்கொண்டே போகும். கண்மண் தெரியாததன் கதை அவ்வளவுதான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 'டிஃப்', 'ஸாப்', 'லெக்ஸ்-பி' என்று வெவ்வேறு குழுக்கள் வெவ்வேறு குணங்களைப் பார்த்துப் பெயர் வைத்த விகாரங்கள் எல்லாம் கடைசியில் ரெக்-ஏ என்ற ஒரே பரம்பரையலகில் விழுந்த வேறுவேறு பழுதுகள் என்று தெரியவந்தது. ஒரே நூலுக்கு ஊருக்கொரு பெயர் வைத்துவிட்டு, நூலகத்தில் வந்து முட்டிக்கொள்வது நமக்குப் புதிதில்லை.

ரெக்-ஏ ஒரு சிறிய புரதம். ஒற்றையிழை டி.என்.ஏ.யின் மேல் மணிகோர்த்த மாதிரி வரிசையாகப் படிந்துகொள்ளும். படிந்த இழையைக் கொண்டுபோய் இரட்டையிழைப் பிரதியோடு ஒட்டி ஒட்டிப் பார்த்து, எழுத்துக்கு எழுத்து ஒத்துவரும் இடத்தில் பிணைத்துவிடும். இதை உயிருக்கு வெளியே சோதனைக்குழாயில் 1979இல் காட்டியவர்களில் யேலின் சார்ள்ஸ் றடிங் குழு முக்கியமானது. பின்னாளில் அந்தக் குழுவில் பணியாற்றிய கே. முனியப்பா, பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவனத்தில் காசநோய்க் கிருமியின் ரெக்-ஏயை எடுத்துக்கொண்டார்.

நமக்கு இன்னும் பக்கத்தில் மதுரை. காமராசர் பல்கலைக்கழகத்தின் உயிரியல் புலத்தில் ஆர். ஜெயராமனும், அவருக்குப் பின் எம். ஹுசைன் முனவரும் ஈ.கோலி விகாரிகளை வைத்தே பல வருடங்கள் வேலை செய்தார்கள். அவர்களின் பொருளை விளங்க, ரெக்-ஏயின் இரண்டாவது முகத்தைப் பார்க்கவேண்டும்.

காயம் அளவுக்கு மிஞ்சினால் ரெக்-ஏ தையலோடு நிற்பதில்லை, ஆபத்து மணியும் அடிக்கும். 'லெக்ஸ்-ஏ' என்றொரு புரதம் நாற்பதளவான பரம்பரையலகுகளின் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறது. டி.என்.ஏ.யில் படிந்த ரெக்-ஏ அருகில் வந்தால் லெக்ஸ்-ஏ தன்னைத்தானே வெட்டிக்கொண்டு விழும். வாய் பொத்தப்பட்டவை எல்லாம் பேசத் தொடங்கும். கப்பல்கள் அனுப்பும் ஆபத்துச் செய்தியின் பெயரையே வைத்து இதை 'எஸ்.ஓ.எஸ்.' என்றார் மிரோஸ்லாவ் றட்மன். அப்போது எழும்பும் 'சுல்-ஏ' என்ற புரதம், பழுது தீரும்வரை பிரியாதே என்று கலத்தைத் தடுத்துவைக்கும். பழுது தீர்ந்ததும் 'லொன்' என்ற நொதியம் சுல்-ஏயைத் தின்று தடையை நீக்கும். லொன் பழுதான விகாரியில் தடை நீங்காது. கலம் பிரியாமல் நூலாக நீண்டு நீண்டு சாகும். மதுரைக் குழு பார்த்தது இந்த லொன் விகாரிகளை. காசநோய் மருந்தான ரிஃபம்பிசினுக்கு எதிர்ப்புத் தந்த சில விகாரங்கள், லொன் பழுதின் விளைவுகளையும் அடக்கிவிடுவதை அவர்கள் கண்டார்கள். ஒரு மருந்துக்குத் தப்பிய கிருமி, சம்பந்தமில்லாத இன்னொரு ஊனத்துக்கும் பரிகாரம் தேடிக்கொள்கிறது.

ஆபத்து மணி அடித்தால் எழும்பி வருபவர்களில் ஊகித்து எழுதும் எழுத்தனும் ஒருவன். ஒப்புநோக்கப் பிரதி கிடைக்காத ஓட்டைகளை வாய்க்கு வந்ததை எழுதி நிரப்பும் நொதியம் அது. சாவதைவிடப் பிழையோடு வாழ்வது மேல் என்பது அதன் கணக்கு. அந்தப் பிழைகளில் பெரும்பாலானவை உதவாக்கரை. எப்போதாவது ஒன்று, மருந்து வந்து ஒட்டும் இடத்தையே மாற்றிவிடும்.

இனி வீட்டுக்கு வருகிறேன். போன வருடம் ராத்தாவின் மகளுக்குச் சலக்கடுப்பு. டொக்டரிடம் போக வெட்கம். யாரோ முன்பு தின்று மிச்சம் வைத்த சிப்ரோஃபுளொக்சசின் ஆறு குளிசை வீட்டில் கிடந்தது. மூன்று நாள் போட்டாள், எரிவு நின்றது, விட்டுவிட்டாள். ஒரு மாதத்தில் காய்ச்சலோடு திரும்பி வந்தது. சலத்தை வளர்த்துப் பார்த்த அறிக்கையில் ஈ.கோலி என்றிருந்தது; கீழே மருந்துகளின் வரிசையில் சிப்ரோஃபுளொக்சசினுக்கு நேரே 'ஆர்' என்று ஓர் எழுத்து. எதிர்ப்பு என்று அர்த்தம்.

சிப்ரோஃபுளொக்சசின் கொல்வது டி.என்.ஏ.யை முறித்துத்தான். முறிந்த டி.என்.ஏ. ரெக்-ஏயைக் கூப்பிடும், ரெக்-ஏ மணியடிக்கும், எழுத்தன் எழும்புவான். போதிய அளவு மருந்து இருந்தால் எழுத்தன் எழுதி முடிக்குமுன் கிருமி சாகும். அரைகுறையாக இருந்தால், சாகாத அளவு காயமும் பிழை எழுதப் போதிய நேரமும் கிடைக்கும். இது வெறும் ஊகமில்லை. 2005இல் அமெரிக்காவில் ஃபுளொய்ட் றோம்ஸ்பெர்க்கின் குழு, லெக்ஸ்-ஏ வெட்டுப்படாத, அதாவது மணியே அடிக்க முடியாத ஈ.கோலியை எலிகளில் வைத்து சிப்ரோஃபுளொக்சசின் கொடுத்துப் பார்த்தது. அவற்றிலிருந்து எதிர்ப்புள்ள வகைகள் எழும்பவில்லை.

மருமகளின் கிருமி அந்த ஆறு குளிசையால்தான் எதிர்ப்பைப் பெற்றது என்று நான் சொல்லமாட்டேன். வரும்போதே எதிர்ப்போடு வந்திருக்கலாம். முன்பு மறக்கவேண்டாம் என்று சொன்ன சோதனை இங்கேதான் வருகிறது: பிளாஸ்மிட் வளையம் ரெக்-ஏ இல்லாத கிருமிக்குள்ளும் போய்க் குடியிருக்கும். எதிர்ப்புப் பரம்பரையலகுகளில் பல அந்த வளையங்களில்தான் கிருமிவிட்டுக் கிருமி பயணம் செய்கின்றன. அதற்குத் தையற்காரன் தேவையில்லை. ஆகவே ரெக்-ஏயை அடக்கினால் மருந்தெதிர்ப்பு ஒழிந்துவிடும் என்று யாராவது எழுதினால் முழுதாக நம்பவேண்டாம். எதிர்ப்பின் ஒரு வாசலைத்தான் அது மூடும். அந்த ஒரு வாசலை மூட முயல்பவர்களும் இருக்கிறார்கள். தூக்க நோய்க்குக் கொடுக்கப்பட்ட பழைய மருந்தான சுராமின், காசநோய்க் கிருமியின் ரெக்-ஏயைத் தடுக்கிறது என்று முனியப்பாவின் குழு 2014இல் எழுதியது. அது ஆய்வுகூடச் செய்தி. கடையில் கேட்கும் செய்தியல்ல.

ஊனமான ரெக்-ஏ விகாரி இன்று ஒரு தொழிலும் பார்க்கிறது. உலகெங்கும் ஆய்வுகூடங்களில் பிற உயிர்களின் பரம்பரையலகைப் பிளாஸ்மிட்டில் வைத்துப் பெருக்க 'டி.எச்.5 ஆல்ஃபா' என்ற ஈ.கோலி வகையைப் பயன்படுத்துகிறார்கள். அது ரெக்-ஏ கெட்டது. தைக்கத் தெரியாததால், கொடுத்த பிரதியை மாற்றாமல் அப்படியே திருப்பித் தரும். பிரதி எடுப்பவன் கெட்டிக்காரனாக இருந்தால் திருத்தம் செய்துவிடுவான் என்ற பயம் பதிப்பாசிரியர்களுக்கு மட்டுமல்ல போலும்.

நம் உடம்பிலும் ரெக்-ஏக்கு ஓர் உறவினன் உண்டு, 'றாட்-51' என்று பெயர். அவனை டி.என்.ஏ.யில் ஏற்றிவிடுவது 'பி.ஆர்.சி.ஏ.-2' என்ற புரதம். இந்தப் பெயரை மார்பகப் புற்றுநோய் வந்த குடும்பங்களில் சிலர் மருத்துவரின் வாயால் கேட்டிருக்கலாம். பரம்பரையாக இது பழுதான பெண்களுக்கு மார்பகத்திலும் சூலகத்திலும் புற்றுநோய் வரும் வாய்ப்புக் கூடுதல். மறுபக்கம், அந்தப் புற்றுக்கலங்களும் மீளச்சேர்க்கை தெரியாத விகாரிகள்தான். மிச்சமிருக்கும் இன்னொரு பழுதுபார்க்கும் வழியையும் மருந்தால் அடைத்தால் அவை சாகும் என்று 2005இல் இரண்டு குழுக்கள் காட்டின. ஹவார்ட்-ஃப்ளாண்டர்ஸின் இரட்டை விகாரி செத்த அதே கணக்கு. ஒலாபரிப் என்ற மருந்து அப்படித்தான் 2014இல் பாவனைக்கு வந்தது.

மருமகளுக்கு டொக்டர் அறிக்கையைப் பார்த்து வேறு மருந்து எழுதினார். இந்த முறை கடைசிக் குளிசைவரை உம்மா பக்கத்தில் நின்று போடவைத்தா. சுகம்.

கிணற்றுக்கு, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொன்னபடி குளோரின் தூள் போட்டோம். கட்டைச் சுற்றிச் சீமெந்து பூசினோம். எங்கள் பக்கத்துக் குழியை மூடி, தள்ளி அடைப்புள்ள தொட்டி கட்டினோம். அடுத்த வளவுக்காரரோடு பேச்சு நடக்கிறது. மாரி முடிந்து ஜனவரியில் திரும்பவும் போத்தலோடு போனேன். ஈ.கோலி இல்லை என்று வந்தது, மற்றக் கோலிஃபோம்கள் கொஞ்சம் உண்டாம். அடுத்த மாரிக்குப் பிறகு இன்னொரு போத்தல் கொண்டுபோகவேண்டும். சாச்சா இப்போது கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர்தான் குடிக்கிறார். குடித்து முடித்து ஒவ்வொரு முறையும் குவளையைக் கவிழ்த்துவைத்துவிட்டுச் சொல்வார்: "கிருமி செத்துதோ தெரியாது, ருசி செத்துட்டுது."